திருகோணமலையில் இரத்தம் கொடுப்பது, கேட்பது, தேடுவது: அடிக்கடி வரும் கேள்விகள்

இரத்ததான முகாம்களில் பெயர் பதியும் மேசையில் மக்கள் கேட்பவை, வட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப வருபவை, கணினி படிக்கும் பிள்ளைகள் கேட்பவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல, முகாம் ஒழுங்கு செய்யும் தொண்டர். உங்கள் உடல்நிலையைப் பார்த்து நீங்கள் இரத்தம் கொடுக்கலாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் இரத்த வங்கி வைத்தியர்தான்.

எங்கள் ஆளுக்கு இன்றே இரத்தம் வேண்டும். நான் இப்போது போய்க் கொடுத்தால் அதை அவருக்கு ஏற்றுவார்களா?

அநேகமாக ஏற்ற மாட்டார்கள். உங்கள் கையில் எடுத்த இரத்தம் நேரே நோயாளியின் கட்டிலுக்குப் போவதில்லை. முதலில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிப்பார்கள். இரத்தக் குழுவை மறுபடி உறுதி செய்வார்கள். பிறகு செங்குழியம், பிளாஸ்மா, குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) என்று பிரிப்பார்கள். நோயாளியின் மாதிரியோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பல மணி நேரம் ஆகும்.

ஆகவே இன்று சத்திரசிகிச்சை மேசையில் இருப்பவரைக் காப்பாற்றுவது போன வாரமோ அதற்கு முந்திய வாரமோ யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த இரத்தம். நீங்கள் இன்று கொடுப்பது இன்னும் சில நாளில் வரப்போகும் ஒருவருக்கு. இது புரிந்துவிட்டால் கைபேசியும் கணினியும் எங்கே உதவும் என்பதும் தெளிவாகிவிடும். அவசரம் வந்தபிறகு ஆள் பிடிப்பதற்கு அவற்றால் பெரிதாகப் பயனில்லை. அவசரம் வருமுன்பே எல்லாக் குழு இரத்தமும் குளிரூட்டியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதில்தான் அவற்றின் வேலை இருக்கிறது.

அப்படியென்றால் "ஓ நெகட்டிவ் அவசரம்" என்று வரும் செய்திகளைப் பகிர்வது பிழையா?

பகிரும் மனது நல்ல மனதுதான். ஆனால் அந்தச் செய்திகளில் பலவற்றில் திகதியே இருப்பதில்லை. எப்போதோ குணமாகி வீட்டுக்குப் போனவருக்காக, அல்லது காலமாகிவிட்டவருக்காக, ஒரே செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. கீழே கொடுத்த எண்ணுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டாருக்கு அது எவ்வளவு வேதனை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பகிருமுன் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: திகதியும் நேரமும், எந்த வைத்தியசாலை என்பது, இரத்த வங்கியே கேட்டதா என்பது. மூன்றாவதுதான் முக்கியம். வார்டில் பதற்றத்தோடு நிற்கும் உறவினர், வங்கியில் போதிய இரத்தம் இருந்தும் தெரியாமல் செய்தி போட்டுவிடுவார். வைத்தியசாலைக்கு ஒரு அழைப்பு எடுத்து இரத்த வங்கியோடு பேசினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேவை முடிந்ததும் "கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்" என்று அதே குழுக்களில் போடுவதும் செய்தி போட்டவரின் பொறுப்பு. நோயாளியின் முழுப்பெயர், நோய், அடையாள அட்டைப் படம் எதுவும் தேவையில்லை.

இரத்தம் வேண்டுமென்றால் உறவினர் பதிலுக்கு ஆள் கொண்டுபோக வேண்டுமா? காசு கொடுக்க வேண்டுமா?

இரண்டும் இல்லை. இலங்கையில் சேகரிக்கப்படும் இரத்தம் முழுவதும் 2014 முதல் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே வருகிறது. தேசிய குருதி மாற்றுச் சேவையின் பெரிய சாதனை இது. பதில் ஆள் கேட்கும் முறை இருந்தால், வேண்டியவர்கள் குறைந்த குடும்பங்கள்தான் முதலில் கஷ்டப்படும். தூரத்து ஊரிலிருந்து தனியாக வந்து வார்டில் கிடக்கும் ஒருவர் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார்? யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், வைத்தியசாலை நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

நான் கொடுக்கலாமா?

18 வயதுக்கு மேல், 60க்குக் கீழ், நிறை 50 கிலோவுக்குக் குறையாமல், கடைசியாகக் கொடுத்து 4 மாதம் கழிந்து, அன்று உடல் நலமாக இருந்தால் பெரும்பாலும் கொடுக்கலாம். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அண்மையில் பச்சை குத்தியவர்கள், மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய் வந்தவர்கள், மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொற்று ஏற்பட்ட முதல் நாட்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது நீங்கள் படிவத்தில் எழுதும் உண்மை மட்டும்தான்.

இரத்த வங்கியில் கணினி என்னதான் செய்கிறது? பதிவேடு போதாதா?

பதிவேடு நல்லதுதான், ஆனால் அது கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும். ஒரு பையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடையாளரின் கையில் ஊசி ஏறும்போதே அந்தப் பைக்கும் சோதனைக் குழாய்களுக்கும் ஒரே எண் ஒட்டப்படுகிறது. கடையில் பொருளின் பட்டைக்கோட்டை வாசிப்பதுபோல அந்த எண்ணை ஒவ்வொரு கட்டத்திலும் வாசிக்கலாம். இதற்கென்றே ஐ.எஸ்.பி.டி. 128 என்று சர்வதேச முறை ஒன்று உண்டு. அதன்படி கொடுக்கப்படும் எண் இன்னொரு நாட்டிலும் இன்னொரு பைக்கு வராது. யார் கொடுத்தது, எந்தச் சோதனை முடிந்தது, எந்த நாள் காலாவதி, எந்த நோயாளிக்குப் போனது எல்லாம் அந்த ஒரு எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். பிறகு ஒரு கொடையாளருக்கு நோய் இருப்பது தெரியவந்தால், அவர் முன்பு கொடுத்த பைகள் எங்கே போயின என்று சில நிமிடத்தில் பின்னோக்கிப் பார்க்கலாம். பதிவேட்டில் அதைத் தேட ஒரு நாள் போய்விடும்.

இன்னொரு பயன் உயிர் சம்பந்தப்பட்டது. இரத்தம் ஏற்றுவதில் வரும் மிக ஆபத்தான பிழைகளில் பல, ஆய்வுகூடத்தில் நடப்பவை அல்ல. மாதிரி எடுக்கும்போதோ கட்டிலருகே பையைத் தொங்கவிடும்போதோ ஆள் மாறிப்போவதால் நடப்பவை. எங்கள் மாவட்டத்தில் ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது அதிசயம் இல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவரே மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகிவிடுவார். நோயாளியின் கைப்பட்டியிலும் பையிலும் உள்ள பட்டைக்கோட்டை வாசித்து ஒப்பிடும் ஒரு சிறு கருவி, தூக்கமில்லாமல் இரவுப் பணியில் நிற்கும் தாதிக்குப் பெரிய துணை. என்னைக் கேட்டால், பளபளப்பான செயலிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

கொடையாளர் பதிவிலும் இதே சிக்கல் உண்டு. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வருவது பன்னிரண்டு இலக்கம். முதல் தடவை பழைய எண்ணோடும் அடுத்த தடவை புதிய எண்ணோடும் பதிந்தவர் கணினிக்கு இரண்டு பேர். அவருடைய 4 மாத இடைவெளியும் பழைய சோதனை முடிவும் பிரிந்துபோகும். பழைய எண்ணைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் விதி தெளிவானது. மென்பொருள் எழுதுபவர்கள் அதை முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்.

இரத்தம் எவ்வளவு நாள் இருக்கும்? வீணாகிறது என்கிறார்களே?

செங்குழியம் 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில், பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். குருதிச் சிறுதட்டுக்கு வெறும் 5 நாள், அதுவும் 22 பாகை அளவில், ஓயாமல் மெதுவாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு வரை தாங்கும்.

வீணாவதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. சிறிய வைத்தியசாலை ஒன்றில் அரிதான குழுவில் இரண்டு பை வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பிரசவத்தில் இரத்தப்போக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குழு நோயாளி மாதக்கணக்காக வராமலும் போகலாம். காலாவதிக்குப் பத்து நாள் இருக்கும்போதே அந்தப் பையை அதிகம் செலவாகும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, புதியதை இங்கே வைத்தால் இரண்டு இடத்துக்கும் நன்மை. திருகோணமலைப் பொது வைத்தியசாலை, கந்தளாய், மூதூர், கிண்ணியா ஆகிய இடங்களின் இருப்பை ஒரே திரையில் காலாவதி வரிசையில் பார்க்க முடிந்தால் இந்தச் சுழற்சி தானாக நடக்கும். தொலைபேசியில் கேட்டு, தாளில் எழுதி, வண்டி தேடும் முறையில் அது ஆளின் நினைவை நம்பியிருக்கிறது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அங்கே போக இழுவைப் படகுக்குக் காத்து நின்றதை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு மூதூர் வீதியின் மற்றப் படகுத் துறைகளுக்கும் பாலம் வந்தது. வண்டி ஓடும். ஆனால் மார்கழி மாரியில் வெருகல் பக்கம் வெள்ளம் வீதியை மூடும் நாட்கள் இன்னமும் உண்டு. வானிலை எச்சரிக்கை வந்ததும் மூதூர் இருப்பை முன்கூட்டியே கூட்டும்படி நினைவூட்டும் ஒரு ஏற்பாடு, இந்த மாவட்டத்துக்கென்றே செய்ய வேண்டியது.

அந்த இருப்பு விவரத்தைப் பொதுமக்களும் பார்க்க முடியாதா?

முடியும், பார்க்கவும் வேண்டும். இந்தியாவில் 2016இல் தொடங்கிய இ-ரக்த்கோஷ் தளத்தில் எந்த இரத்த வங்கியில் எந்தக் குழு உண்டு என்று பார்க்கலாம். ஆனால் சரியான பை எண்ணிக்கையை வெளியே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. "ஏபி நெகட்டிவ்: 0" என்று பார்த்துக் குடும்பங்கள் பதறும். "ஓ பொசிட்டிவ்: 60" என்று பார்த்துக் கொடையாளர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். அந்த 60 சில நாளில் தீர்ந்துவிடலாம், ஏனென்றால் இங்கே அதிகம் பேர் ஓ குழு. ஒவ்வொரு குழுவுக்கும் போதும், குறைகிறது, உடனே வாருங்கள் என்று மூன்று நிலை போதும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், தினமும் காலையில் புதுப்பித்து. புதுப்பிக்காத பக்கம் இல்லாத பக்கத்தைவிட மோசம்.

டெங்கு வந்தால் பிளேட்லெட்டுக்கு ஆள் தேடுகிறோமே?

2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படித் தாக்கியது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியது என்று அறிக்கையில் பார்த்ததும் வட்ஸ்அப்பில் ஓடுகிறோம். ஆனால் எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் டெங்கு நோயாளிக்குப் பிளேட்லெட் ஏற்றுவதை மருத்துவ வழிகாட்டல்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. திரவ அளவைக் கவனமாகக் கையாள்வதும், இரத்தப்போக்கு இருந்தால் அதை உரிய நேரத்தில் கண்டுபிடித்து இரத்தம் ஏற்றுவதும்தான் உயிரைக் காப்பாற்றுபவை. வைத்தியர் கேட்காமல் நீங்களாக ஆள் தேடாதீர்கள்.

அப்புறம், 5 நாளில் காலாவதியாகும் ஒன்றுக்கு ஒரே நாளில் ஐம்பது பேரை வரவழைப்பதிலும் பயனில்லை. டெங்குக் காலத்தில் வாரம் முழுவதும் பரவலாகக் கொடையாளர்கள் வந்தால்தான் உதவி. இந்த இடத்தில் முறைவைத்து அழைக்கும் ஒரு எளிய பட்டியல் பெரிய வேலை செய்யும்.

ஒருமுறை கொடுத்தேன். பிறகு யாரும் கூப்பிடவே இல்லை.

இதுதான் மிகவும் வருந்த வேண்டிய இழப்பு. ஒருமுறை கொடுத்து, சோதனையில் நலமென்று தெரிந்த ஒருவர், இரத்த வங்கிக்கு மிகப் பாதுகாப்பான கொடையாளர். அவரை மறுபடி வரவைக்கத் தேவை ஒரு குறுந்தகவல்தான். 4 மாதம் முடிந்த வாரத்தில், அவர் வீட்டுக்குக் கிட்டிய முகாமின் திகதியோடு.

ஸ்வீடனில் கொடையாளரின் இரத்தம் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதும் அந்தக் கொடையாளருக்குக் குறுந்தகவல் போகிறது. யாருக்கு என்று சொல்வதில்லை, பயன்பட்டது என்று மட்டும். அந்த ஒரு வரியை நிலாவெளியில் இருக்கும் ஒரு தம்பி தமிழில் வாசித்தால் அடுத்த தடவை அவரைக் கூப்பிடவே தேவையிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழில் அனுப்புவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. ஆங்கிலக் குறுந்தகவலில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70 தான். அதிலும் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் "மதிப்பிற்குரிய கொடையாளர் அவர்களே" என்று தொடங்கினால் பாதி இடம் அதற்கே போய்விடும், செலவும் இரட்டிக்கும். நாள், இடம், நேரம். அது போதும். மூத்தவர்களுக்கும் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் பதிவுசெய்த குரல் அழைப்பு நல்லது.

பெண்களை அடிக்கடி திருப்பி அனுப்புகிறார்களே, ஏன்?

பெரும்பாலும் ஈமோகுளோபின் போதாமல் இருக்கும். ஒருமுறை இரத்தம் கொடுக்கும்போது உடலிலிருந்து 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து போகிறது. ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு அது தாங்காது. திருப்பி அனுப்புவது அவருடைய நன்மைக்குத்தான். ஆனால் "இல்லை, போங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார். அளவைத் துண்டில் எழுதிக் கொடுத்து, கிளினிக்குக்குப் போகச் சொல்லி, மூன்று மாதம் கழித்து ஒரு குறுந்தகவல் அனுப்பினால் அவர் கொடையாளராகத் திரும்பி வரலாம். குறைந்தது அவருடைய இரத்தசோகையாவது கவனிக்கப்படும்.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது?

மூதூர், கிண்ணியா, புல்மோட்டைப் பக்கம் பகல் முகாம் அந்த மாதத்தில் சரிவராது. நோன்பு திறந்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்த பிறகு இரவு முகாம் வைக்கலாம். அதற்கு இரத்த வங்கி ஊழியர்களின் நேரத்தை முன்கூட்டியே பேச வேண்டும். கோயில் திருவிழாக் காலத்திலும் வெசாக், பொசன் நாட்களிலும் கூட்டம் நிறையச் சேரும். எல்லா முகாமும் ஒரே கிழமையில் விழுந்தால் அந்தப் பைகள் எல்லாம் ஒன்றாகவே காலாவதியாகும். மாவட்டம் முழுவதுக்கும் ஒரே முகாம் நாட்காட்டி, யாரும் பார்க்கக்கூடியபடி இணையத்தில் இருந்தால் இது தீரும். ஒரு கூகுள் நாட்காட்டியே போதும்.

கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் எப்படி வருவது?

அவர்கள் நேரத்துக்கு நாம் போக வேண்டும். காலை ஒன்பது மணி முகாம் இரவு முழுக்கக் கடலில் நின்றவருக்கு உதவாது. களைப்போடு வந்தவரிடம் இரத்தம் எடுக்கவும் கூடாது. காற்றுக்காலத்தில் படகு இறங்காத நாட்கள் நல்ல வாய்ப்பு. சீனக்குடாப் பக்கத்து மா ஆலை, சீமெந்து ஆலை போன்ற வேலைத்தளங்களிலும் இதே கதைதான். சுழற்சி முறை மாறும் நேரம் பார்த்துப் போனால் ஆட்கள் வருவார்கள்.

எனக்கு நெகட்டிவ் குழு. நான் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

4 மாத இடைவெளியை யாருக்காகவும் மீறாதீர்கள். இங்கே நூறில் ஒரு சிலருக்குத்தான் நெகட்டிவ் குழு இருப்பதால், எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு நாலு மாதம் இல்லாமல் இருப்பதைவிட, இரத்த வங்கி கேட்கும்போது முறைவைத்துக் கொடுப்பதே நல்லது. இன்னும் அரிதான ஒரு குழு உண்டு. 1952இல் பம்பாயில் முதலில் கண்டறியப்பட்டதால் பம்பாய் குழு என்பார்கள். சாதாரண சோதனையில் ஓ போலத் தெரியும், ஆனால் ஓ இரத்தம் ஏற்றினால் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு நாடளாவிய பதிவேடு ஒன்றே வழி, ஒரு மாவட்டத்துக்குள் தேடிக் கிடைக்காது.

என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் பாதுகாப்பாக இருக்குமா?

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயர், எண், குழு, ஊர் எல்லாம் போட்ட கொடையாளர் பட்டியல்களைப் பேஸ்புக்கில் பகிரங்கமாகப் போடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தேவையில்லாத அழைப்புகள் வந்து, அவர்கள் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பாகக் காக்க வேண்டிய வகையில் சேர்த்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒழுங்கான ஏற்பாட்டில் தேடுபவருக்கு உங்கள் எண் தெரியவே கூடாது. இரத்த வங்கி உங்களை அழைக்கும், நீங்கள் ஓம் அல்லது இல்லை என்பீர்கள், அவ்வளவுதான்.

நாங்கள் கம்பஸ் மாணவர்கள். கொடையாளர்களைத் தேடும் செயலி செய்ய விரும்புகிறோம்.

உங்கள் ஆர்வம் வேண்டும். ஆனால் இன்னொரு தேடும் செயலி வேண்டாம் என்பேன். ஒவ்வொன்றும் சில நூறு பேரைப் பதிந்துகொண்டு, செய்தவர்கள் பட்டம் பெற்றுப் போனதும் நின்றுவிடுகிறது. முதலில் அனுமதி பெற்று இரத்த வங்கியில் சில நாள் இருந்து பாருங்கள். அங்கே எதைக் கையால் இரண்டு தடவை எழுதுகிறார்கள், எந்தத் தொலைபேசி அழைப்பு திரும்பத் திரும்பப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகாம் நாட்காட்டி, 4 மாத நினைவூட்டல், மூன்று நிலை இருப்புப் பக்கம்: இந்த மூன்றில் ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே போதும். இணையம் இல்லாமலும் பொத்தான் கைபேசியிலும் வேலை செய்ய வேண்டும். தேசிய சேவையின் பதிவோடு மோதாமல், அதன் வைத்தியர்களோடு பேசிச் செய்யுங்கள். நீங்கள் போன பிறகு யார் பார்ப்பார் என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால் தொடங்காதீர்கள்.

ட்ரோனில் இரத்தம் அனுப்பலாமே?

ருவாண்டாவில் 2016 முதல் அனுப்புகிறார்கள், அங்கே நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. மலைப்பாதை அங்கே பெரிய தடை. இங்கே கொட்டியாரக் குடாவுக்கு மேலால் மூதூருக்குப் பறப்பது அழகான யோசனைதான். ஆனால் வீதி இருக்கும்போது அதற்கு முதலிடம் கொடுக்க மாட்டேன். 2022இல் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்சாரம் போன காலத்தை யோசியுங்கள். குளிரூட்டியின் வெப்பநிலை ஏறினால் பொறுப்பாளரின் கைபேசிக்கு உடனே எச்சரிக்கை அனுப்பும் சிறு உணர்கருவி, ஒரு ட்ரோன் விலையில் மாவட்டம் முழுவதுக்கும் பூட்டலாம்.

எங்கள் சனசமூக நிலையத்தில் முகாம் வைக்க என்ன செய்ய வேண்டும்?

திகதியை நீங்களே முடிவு செய்து நோட்டீஸ் அடித்துவிட்டு இரத்த வங்கிக்குப் போகாதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே போய், எந்த நாள் அவர்களுக்குத் தேவை என்று கேளுங்கள். காற்றோட்டமான மண்டபம், கட்டில் அல்லது சாய்வு நாற்காலி போட இடம், மின்சாரம், கழிப்பறை, கொடுத்தவர்கள் சற்று இளைப்பாற ஒரு மூலை, குடிக்க ஏதாவது. பெயர்களை முன்கூட்டியே குறுந்தகவலில் வாங்கி, அரை மணிக்குப் பத்துப் பேர் என்று நேரம் பிரித்துக் கொடுத்தால் வரிசையில் நின்று சலித்துத் திரும்பிப் போகிறவர்கள் குறைவார்கள். எத்தனை பை தேவை என்று வங்கி சொன்ன அளவோடு நிறுத்துங்கள். மிச்சப் பேரை அடுத்த முகாமுக்கு எழுதிக்கொண்டு, அதன் திகதியை அன்று மாலையே ஊழியர்களோடு பேசி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.